ஸ்டெபிலைசர் பார் புஷ் மாற்றப் போய் சஸ்பென்ஷன் முழுவதையும் தொட்ட கதை

வேகத்தடையை நேராக ஏறி இறங்கும்போது சத்தமே போடாத என் கார், அதே வேகத்தடையைச் சற்றுச் சாய்வாகக் கடந்தால் மட்டும் முன்பக்க அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒருமுறை தட்டும். இந்த வேறுபாடு என் கவனத்தில் பட நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் ஒரு பணிமனையில் முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண்) இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பாமல் நானாகவே, ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடுகள் இரண்டையும் மாற்றிப் பார்த்திருந்தேன். சத்தம் இம்மியும் குறையவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி, “நேரா போனா வரலையே, கோணலா போனாத்தானே வருது?” என்று கேட்டார். விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

காருக்கு ஒன்பது வயது. ஓடியது 1,10,000 கிலோமீட்டர். முன்சக்கரங்கள் இழுக்கும் ஸ்போர்ட்ஸ் செடான். முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் பிடித்திருக்கும் மல்டி லிங்க் அமைப்பு. புதிதாக இருந்த காலத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் திரும்பிய வண்டி, அண்மைக் காலமாகத் திருப்பியபின் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, அதன் பிறகே திரும்பியது. இதற்கு மருந்து உயரம் குறைந்த ஸ்பிரிங்கும் கெட்டியான ஷாக் அப்சார்பரும்தான் என்று முடிவு செய்து, வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில், ஸ்டெபிலைசர் பாரைக் கவ்வியிருக்கும் ரப்பர் துண்டான புஷ் என்ற சொல்லே இடம்பெறவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டெபிலைசர் பார் என்றும் ஆன்ட்டி ரோல் பார் என்றும் சில நாடுகளில் ஸ்வே பார் என்றும் அழைக்கப்படுவது, ஏறத்தாழ ‘ப’ என்ற எழுத்தைப் படுக்க வைத்ததுபோல் வளைக்கப்பட்ட ஸ்பிரிங் எஃகுக் கம்பி. அதன் நடுப்பகுதி காரின் அகலத்துக்குக் குறுக்கே கிடக்கும். இரண்டு இடங்களில் ரப்பர் புஷ்கள் அதைக் கவ்வியிருக்க, அந்தப் புஷ்களைக் கிளாம்புகள் சப்ஃபிரேமோடு, அதாவது காரின் அடியிலுள்ள துணைச் சட்டத்தோடு, இறுக்கிப் பிடித்திருக்கும். இரு முனைகளும் லிங்க் ராடுகள் வழியாக இடது, வலது ஸ்ட்ரட்களோடு இணைந்திருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரே அளவு உயர்ந்தால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சற்றுப் புரளும். பெரிதாக எந்த எதிர்ப்பும் காட்டாது. ஒரு சக்கரம் உயர்ந்து மற்றது உயராவிட்டால்தான் கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கத்தின் எதிர்விசைதான் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கிறது. ஆகவே நேராகக் கடக்கும் வேகத்தடையில் புஷ்ஷின் மேல் விழும் விசை மிகவும் குறைவு. சாய்வாகக் கடக்கும்போது ஒரு பக்கத்துப் புஷ் மேல்நோக்கியும் மறுபக்கத்துப் புஷ் கீழ்நோக்கியும் தள்ளப்படும். புஷ் தேய்ந்து உள்ளே இடைவெளி விழுந்திருந்தால், கம்பி அந்த இடைவெளியைத் தாண்டிப்போய் எதிர்ப்பக்கத்தில் இடிக்கும். என் காரின் ‘டொக்’ அதுதான்.

இது புதிய கருவி அன்று. கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். மெக்பெர்சன் ஸ்ட்ரட் அறிமுகமான தொடக்கக் காலத்துக் கார்கள் சிலவற்றில், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைக்கும் வேலையையும் இதே கம்பியே சேர்த்துச் செய்தது. அப்படிப்பட்ட அமைப்பில் புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே இடம் பெயரும். என் காரில் அந்த விபரீதம் இல்லை. சாய்வைத் தடுப்பது ஒன்றுதான் அதன் வேலை.

ஆனால் அந்த ஒரு வேலையை அது நேரத்துக்குச் செய்யவில்லை என்பதுதான் சிக்கல். என் காரில் இரண்டு புஷ்களுக்கும் நடுவே ஏறத்தாழ 600 மி.மீ. தூரம், கம்பியின் முனைகளுக்கு நடுவே ஏறத்தாழ 1000 மி.மீ. ஒவ்வொரு புஷ்ஷிலும் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால், கம்பி நடுமையத்தைச் சுற்றித் தராசுபோல் சாய, முனையில் அந்த ஆட்டம் 1.7 மி.மீ. அளவுக்குப் பெருகிவிடும். அதாவது கார் சாயத் தொடங்கும் முதல் சில மில்லிமீட்டர்களில் கம்பி வேலைக்கே வருவதில்லை. இடைவெளி தீர்ந்த பிறகு திடீரென்று வந்து சேர்கிறது. நீண்ட வளைவில் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது இதனால் பெரிய வேறுபாடு தெரியாது. ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும் அந்த முதல் கணத்தில்தான் தெரியும். கார் யோசிக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்; கார் யோசிக்கவில்லை, கம்பி வந்துகொண்டிருந்தது.

சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றி, அவை எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் காரை மேடுபள்ளத்தில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி இந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது. நிற்கவில்லையென்றால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இந்த நிலையில் காரை வேகமாக ஓட்டக் கூடாது. வளைவில் அது எவ்வளவு சாயும் என்பதைப் பார்த்தால் இந்தக் கம்பியின் மேல் தனி மரியாதையே வந்துவிடும். என் காரில் சத்தம் சுத்தமாக நின்றது.

வேலைக்கு ஒரு சனிக்கிழமை காலை முழுவதையும் ஒதுக்கினேன். முதல் நாள் இரவே எல்லா நட்டுகளிலும் துருநீக்கும் எண்ணெய் தெளித்து வைத்தேன். இந்த வேலையில் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் கிளாம்பையோ லிங்க் ராடையோ கழற்றினால் கம்பி துள்ளிக் கையில் அடிக்கலாம், திரும்ப மாட்டும்போது துளைகளும் நேருக்கு நேர் வராது. எனவே முன்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்தில் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழைவது கூடவே கூடாது. லிங்க் ராடின் நட்டைத் திருப்பினால் அதன் பால் ஜாயின்ட்டும் சேர்ந்து சுற்றும். மரையின் நுனியிலுள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டுதான் நட்டைக் கழற்ற வேண்டும். குழியில் மண் அடைத்திருந்தால் அதை ஊசியால் கிண்டி எடுத்துவிட்டு ஆலன் கீயை முழு ஆழத்துக்கு இறக்குவது நல்லது. பாதியில் செருகித் திருகினால் குழி வட்டமாகிவிடும், பிறகு அறுப்பதைத் தவிர வழியில்லை.

கிளாம்புகள் இருந்த இடம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முன்பக்கக் கம்பி சப்ஃபிரேமின் மேல், ஸ்டியரிங் ராக்கை ஒட்டிப் பின்னால் கிடக்கிறது. கீழிருந்து பார்த்தால் ஒரு போல்ட் தெரியும். இன்னொன்று தெரியவே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவி, 13 நம்பர் சாக்கெட்டை நீண்ட எக்ஸ்டென்ஷனில் மாட்டி, ஒரு தடவைக்குக் கால் சுற்றுகூடத் திரும்பாத அந்த இடுக்கில், வலப்பக்கத்து உள்போல்ட் ஒன்றுக்கு மட்டும் 50 நிமிடங்கள் செலவிட்டேன். சப்ஃபிரேமைச் சற்று இறக்கினால் எளிது என்று கையேடு சொல்கிறது. ஆனால் அப்படி இறக்கினால் ஸ்டியரிங் இணைப்பையும் கவனிக்க வேண்டும், திரும்ப ஏற்றும்போது சக்கரக் கோணங்களும் இடம் மாறும் என்பதால் நான் அந்த வழிக்குப் போகவில்லை.

வெளியே வந்த பழைய புஷ்ஷை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் இருக்கும் சிறிய ரப்பர் கட்டை. நடுவில் கம்பிக்கான துளை. மாட்டுவதற்கு வசதியாக ஒரு பக்கம் கீறல். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை, வெடிப்புகூட இல்லை. துளை மட்டும் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு மாறியிருந்தது. வெர்னியரை வைத்து அளந்தேன்: கிடைவாட்டில் 24.1 மி.மீ., மேலும் கீழுமாக 26.2 மி.மீ. கம்பியின் விட்டமோ 24 மி.மீ. துளையின் உட்சுவரில் பொடி மணல் பதிந்து, ரப்பர் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. அந்த உப்புத்தாள் ஒன்பது ஆண்டுகளாகக் கம்பியையும் தேய்த்திருந்தது. புஷ் இருந்த இடத்தில் பெயிண்ட் போய், பளபளவென்று ஒரு பட்டை. அங்கே அளந்தால் 23.7 மி.மீ.

இந்த 0.3 மி.மீ. தேய்மானம் பொறுத்துக்கொள்ளக் கூடியதே என்று முடிவு செய்தேன். ரப்பர் புஷ்ஷின் துளையைக் கம்பியைவிடச் சற்றுச் சிறியதாகவே வார்ப்பதால் அது இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். கம்பியில் பள்ளமே விழுந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் பயனில்லை. கம்பியைத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே மாடல் காரில்கூட வகைக்கேற்பக் கம்பியின் தடிமன் மாறும். நான் முதலில் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கிய புஷ்கள் 22 மி.மீ. கம்பிக்கானவை; ஸ்போர்ட்ஸ் வகைக்கு 24 மி.மீ. என்பது அவற்றைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. வெர்னியரால் அளந்த பிறகு வாங்குவதே முறை. அளக்கும்போது பெயிண்ட்டின் தடிமனையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தவிர, சில புதிய கார்களில் புஷ் கம்பியோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருப்பதால் அதைத் தனியாக மாற்றவே முடியாது.

ரப்பரா, பாலியூரித்தேனா என்ற கேள்விக்கு நான் முன்பக்கத்தில் ரப்பர் என்றே விடை கண்டேன். ரப்பர் புஷ்கள் பெரும்பாலும், கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 60, 70 என்ற கடினத்தில் இருக்கும். பாலியூரித்தேன் 80 முதல் 95 வரை போகும். கடினம் கூடினால் கம்பி விரைவாக வேலைக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, சிறிய அசைவுகளுக்குத் தானே முறுக்கிக்கொடுத்துவிடுகிறது. பாலியூரித்தேனுக்கு அந்த நெகிழ்ச்சி குறைவு. கம்பி அதற்குள் வழுக்கித்தான் ஆக வேண்டும், வழுக்குவதற்குக் கிரீஸ் வேண்டும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். மூன்று மணி நேரம் மல்லுக்கட்டித் திறந்த இடத்தை ஆண்டுதோறும் கிரீஸ் வைக்கத் திறக்க எனக்கு மனமில்லை. புது ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தொட்டு மாட்டினேன். கையில் கிடைத்த சாதாரணக் கிரீஸைத் தடவுவது தவறு. தாதுஎண்ணெய் இயற்கை ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்துவிடும். தேய்ந்த பட்டையை நுண்ணிய உப்புத்தாளால் வழவழப்பாக்கி, கீறலைக் கையேடு சொன்ன திசையில் வைத்து, போல்ட்களைக் கையால் பிடிக்க வைத்தபின், சக்கரங்களுக்கடியில் சரிவுப் பலகை கொடுத்துக் காரின் எடை முழுவதும் சஸ்பென்ஷன் மேல் இறங்கிய நிலையில் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கினேன். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் அந்த நிலையையே ஓய்வுநிலையாகப் பற்றிக்கொண்டு, கார் தரையில் நிற்கும்போதெல்லாம் முறுகியபடியே இருக்கும்.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் போயிற்று, அது எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பாராதது, ஸ்டியரிங்குக்கும் காரின் மூக்குக்கும் நடுவே இருந்த அந்தத் தயக்கமும் போயிருந்தது. வாங்க வைத்திருந்த பட்டியலில் பாதிக்கு இனி தேவையே இல்லையோ என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது. அதனால் அடுத்த 1,000 கிலோமீட்டருக்கு வேறு எதையும் தொடுவதில்லை என்று என்னைக் கட்டிப்போட்டுக்கொண்டேன். புஷ், ஸ்பிரிங், ஷாக், கம்பி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், கிடைத்த நன்மையில் எது எதனால் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. புஷ்ஷால் வந்த பலனுக்கான நன்றியெல்லாம் ஸ்பிரிங்குக்குப் போயிருக்கும்.

மிஞ்சிய குறை ஒன்று இருந்தது: வேகமாக வளைவில் நுழைந்தால் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளிப்பக்கம் இழுப்பது, அதாவது அண்டர்ஸ்டியர். வளைவில் எவ்வளவு எடை உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் என்பதைக் காரின் எடை, எடைமையத்தின் உயரம், இடது, வலது சக்கரங்களுக்கு நடுவேயுள்ள தூரம், வளையும் வேகம் ஆகியவையே முடிவு செய்கின்றன. கம்பியால் அந்த மொத்தத்தைக் குறைக்க முடியாது. அதில் எத்தனை பங்கை முன்சக்கரங்களும் எத்தனை பங்கைப் பின்சக்கரங்களும் சுமக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கத்தான் முடியும். ஒரு டயரின் மேல் பாரம் இருமடங்கானால் அதன் பிடிமானம் இருமடங்காவதில்லை, சற்றுக் குறைவாகவே கூடும். எனவே எந்த அச்சில் எடைமாற்றம் அதிகமோ அந்த அச்சு மொத்தத்தில் பிடிமானத்தை இழக்கும். அண்டர்ஸ்டியர் உள்ள காரில் முன்பக்கக் கம்பியைத் தடிமனாக்குவது புண்ணில் வேல் பாய்ச்சுவது போன்றது. பின்பக்கத்தைத்தான் கெட்டியாக்க வேண்டும்.

பின்பக்கத்தில் இருந்தது 20 மி.மீ. கம்பி, நான் போட்டது 22 மி.மீ. வெறும் 2 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் முறுக்கத்துக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது: 1.1ஐ நான்கு முறை பெருக்கினால் 1.46. பத்து விழுக்காடு தடிமனுக்கு 46 விழுக்காடு விறைப்பு. இதே கணக்கால்தான் உள்ளீடற்ற கம்பிகளும் பயன்படுகின்றன. வெளிவிட்டம் 24 மி.மீ., உள்விட்டம் 16 மி.மீ. உள்ள குழாய், திடக் கம்பியின் விறைப்பில் 80 விழுக்காட்டைத் தந்துகொண்டே எடையில் 56 விழுக்காடுதான் இருக்கும். புதிய கம்பியின் முனையில் இரண்டு துளைகள். லிங்க் ராடை உள்துளையில் மாட்டினால் நெம்புகோலின் கை குட்டையாகி விறைப்பு இன்னும் கூடும். பின்பக்கக் கிளாம்புகள் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் இங்கே பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு ஒப்புக்கொண்டேன். சிலிக்கோன் கிரீஸ் தாராளமாகத் தடவினேன்.

ஆசை யாரை விட்டது? முதலில் உள்துளையில்தான் மாட்டினேன். உலர்ந்த சாலையில் கார் புத்துயிர் பெற்றதுபோல் இருந்தது. முதல் மழையில், ஆளரவமற்ற ஓர் இறக்கத்து வளைவில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் அரை அடி வெளியே நழுவியது. நழுவியதை ஸ்டியரிங்கால் பிடித்துவிட்டேன் என்றாலும், காலை எடுத்தால் எடை முன்னுக்குப் போய்ப் பின் டயர்கள் இலேசாகும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கும் முதுகுத்தண்டில் உணர்வதற்கும் வேறுபாடு உண்டு. வீட்டுக்கு வந்து அன்றே வெளித்துளைக்கு மாற்றினேன். அது இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் கடைசியில்தான் வந்தேன். ஷாக்குகளில் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்ததால் அது தேவையான மாற்றம். ஸ்பிரிங் மாற்றம் விருப்பத்துக்காக. 25 மி.மீ. தாழ்வும் 30 விழுக்காடு கூடுதல் விறைப்பும் உள்ளவற்றை, அவற்றுக்கென்றே அமைந்த ஷாக்குகளோடு சேர்த்து வாங்கினேன். விறைப்பு 30 விழுக்காடு கூடினாலும் காரின் உடல் மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் 14 விழுக்காடுதான் கூடும், ஏனெனில் அது விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1.3 ஹெர்ட்ஸ் இருந்தால் 1.5 ஆகும், இடுப்பு தாங்கும். இன்னும் தாழ்த்தினால் அழகாக இருக்கும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மெக்பெர்சன் அமைப்பில் காரை மிகத் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலே போய், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவேயுள்ள தூரம் கூடினால் சாய்க்கும் நெம்புவிசையும் கூடும். சாய்வைக் குறைக்கத் தாழ்த்தியவர், தாழ்த்தியதாலேயே சாய்வைக் கூட்டிக்கொள்வார். அதற்கு மேல், சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் அடிக்கடி இடித்துக்கொண்டும் இருப்பார். ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையை நான் செய்யவில்லை. அமுக்கிவைத்த ஸ்பிரிங் நழுவினால் எலும்பை முறிக்கும். அதை முறையான கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன். மேல் மவுண்ட்டையும் பேரிங்கையும் அப்போதே மாற்றச் சொன்னேன்.

ஸ்பிரிங் அமர்ந்து படிய 500 கிலோமீட்டர் விட்டுப் பிறகு வீல் அலைன்மெண்ட் பார்த்தேன். தாழ்த்தியதால் கேம்பர், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், இரு பக்கமும் சற்றுக் கூடியிருந்தது; அது கவலைக்குரிய அளவில் இல்லை. டோதான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவுதான், நன்றாகவே விலகியிருந்தது. டயரின் உள்விளிம்பைத் தின்பதில் கேம்பரைவிட டோவுக்குத்தான் பசி அதிகம் என்பதால் அதை மட்டும் கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த மாற்றங்களால் இழந்ததும் உண்டு. பின்பக்கக் கம்பி தடித்ததால் இரு சக்கரங்களும் முன்னைவிட ஒன்றையொன்று அதிகமாக இழுத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் மட்டும் பள்ளமான சாலையில் மெதுவாகப் போனால் காரின் உடல் இடதும் வலதுமாகத் தலையசைக்கிறது. பின் இருக்கையில் அமர்பவர்கள் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். முன்பக்கம் வேகத்தடையை எந்தக் கோணத்தில் கடந்தாலும் மௌனம். பின்பக்கப் பாலியூரித்தேன் மட்டும் ஏழாவது மாதத்தில் குளிர்ந்த காலைகளில் முதல் சில நூறு மீட்டருக்குக் கிறீச்சிடத் தொடங்கியது. கிளாம்பில் கிரீஸ் நிப்பிள் இல்லை. திறந்து துடைத்துப் புதிதாகத் தடவி மூட 40 நிமிடங்கள் ஆயின. அடுத்த முறை புஷ் மாற்றும் காலம் வரும்போது பின்பக்கத்துக்கும் 22 மி.மீ. ரப்பர் கிடைக்கிறதா என்று தேடுவதாக இருக்கிறேன்.